நடமாட்டம் பூஜ்யம்

பிற்பகல் மூன்று பதினேழுக்கு மழை வரும், பதினோரு நிமிடம் பெய்யும், தெற்குச் சுவரோரம் நான்கு மில்லிமீட்டர், வடக்குப் பக்கம் மூன்று என்று பின்பக்கத்துப் புங்கமரம் காலை ஆறரைக்கே சொல்லிவிட்டது.

சுடர்விழி அதைச் சுவர்ப்பலகையில் படித்துவிட்டுப் புல்தரைக்கு இறங்கினாள். நேற்றைய தண்ணீரைக் கொட்டி, மழைமானியைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள். சமையலறை ஜன்னல் வழியே பூபதி எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்குப் புல்லு வெட்டலாமா?"

"மூணுக்குள்ள முடிச்சுருங்க. மூணு பதினேழுக்கு மழை."

"அப்ப ரெண்டரைக்கே மெஷினை எடுத்து உள்ள வெச்சர்றேன்."

வானம் அப்போது கழுவிவிட்டதுபோல இருந்தது. இருவரில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அருவி நகரின் முப்பத்தெட்டு வீடுகளில் யாரும் வானத்தைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வேர்ச்செவி முதலில் மரத்தின் பெயரைச் சொல்லும் கருவியாகத்தான் விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வில்லை. அடிமரத்தை ஒட்டி மண்ணில் செருகினால் போதும். வேரில் ஓடும் மெல்லிய மின்துடிப்பைக் கேட்டு, இது மந்தாரை, வயது பதினான்கு; இது மருதம், தண்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று சொல்லும். வீடு கட்டித் தந்தவர்கள் நட்டுவிட்டுப் போன மரங்களின் பெயர்கூடத் தெரியாமல் அவற்றின் நிழலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. பிறகுதான் மற்றது தெரிந்தது. மழை வருவதற்கு இரண்டு நாள் முன்பே மரம் அதற்குத் தயாராகிறது. இலையின் துளைகளைத் திருத்துகிறது, சாற்றின் வேகத்தை மாற்றுகிறது. ஒரு மரத்தைக் கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். முப்பத்தெட்டு வீட்டு மரங்களையும் சேர்த்துக் கேட்டால் எந்த வீட்டு மாடியில் எத்தனை மணிக்கு முதல் தூறல் விழும் என்பதுவரை கிடைக்கும்.

ஆனால் மரம் சொல்வதை ஒரு மனிதக் கண் தினமும் ஒப்பிட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. குடியிருப்புக்கு ஒரு சரிபார்ப்பாளர். அருவி நகருக்கு ஒன்பது வருடங்களாகச் சுடர்விழிதான். மரம் சொன்னதும் அவள் சொன்னதும் முரண்பட்டால் அவள் சொன்னதே செல்லும். அந்த ஒரு விதிக்காகவே அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட ஆறரை மணிக்கு எழுந்து வந்திருக்கிறாள்.

பலகையில் ஐந்து வரிகள் இருந்தன. மழை, காற்று, வெயில், பனி. ஐந்தாவது வரி போன வருடம்தான் வந்தது: நடமாட்டம்.

மரங்கள் சொன்ன எல்லாவற்றோடும் கலந்து வந்த ஒரு துடிப்பை, வேர்ச்செவியை விற்ற நிறுவனத்தாரால் நெடுநாள் இனம் காண முடியவில்லை. கடைசியில் பார்த்தால் அது மனிதர்கள். புல்மேல் விழும் காலடி, மூச்சு, உடம்பின் சூடு. மழையைக் கற்றுக்கொண்டதைப் போலவே மரம் தன் வீட்டு ஆட்களையும் கற்றுக்கொண்டிருந்தது. மழையைவிட மனிதர்கள் ஒழுங்கானவர்கள் என்பதால் மழையை இரண்டு நாள் முன்னால் சொன்ன மரம், ஆட்களை ஒரு மாதம் முன்னால்கூடச் சொன்னது. 'வரும் ஞாயிறு நடமாட்டம் ஒன்பது' என்று பலகை காட்டினால் வீட்டுக்கு வரப்போகும் ஒறம்பரைக்கு அரிசி ஊறப்போட்டுவிடலாம். நகராட்சிக்கும் அது வசதியாகப் போயிற்று. குடிநீர் எவ்வளவு விடுவது, சிற்றுந்து எத்தனை முறை வருவது எல்லாம் ஐந்தாவது வரியைப் பார்த்தே முடிவாயின.

ஐப்பசி முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு லோகநாதன் மதில்மேல் கையூன்றி அவளைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். மனைவி கவிதாமணியோடு இரண்டு பேராக இருந்தார்.

"சுடரு, எங்க வீட்டுப் பலகையை வந்து பாரேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு. வெள்ளிக்கிழமை பத்து நாப்பதுலருந்து ஒண்ணு."

"அக்கா சேலத்துக்கு, பொண்ணு வீட்டுக்குப் போறாங்களோ என்னமோ."

"எங்கயும் போகலையாம். கேட்டுட்டேன். யாரோ கிளம்பப்போறோம்னு மரத்துக்குத் தெரிஞ்சிருக்குது, எங்களுக்குத்தான் தெரியலை." சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் புல்தரையில் குந்தி உட்கார்ந்து கோரைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்ததைச் சுடர்விழி மாடியிலிருந்து பார்த்தாள். காற்றுத்திசைகாட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி திரும்பியபோது அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், புல்லின் ஈரத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பவரைப் போல. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பத்திரண்டு.

எல்லாரும் வந்து, எல்லாம் முடிந்து, மறுநாள் காலை ஆறரைக்கு அவள் பதிவை அனுப்ப வேண்டியிருந்தது. லோகநாதன் வீடு: மழை இல்லை. பத்து நாற்பதுக்கு நடமாட்டம், மரம் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. அந்த 'ஒன்று' என்ற எண்ணை அழுத்த அவள் விரல் வெகுநேரம் மறுத்தது.

நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தாமரைச்செல்வனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அவரோட இடது கால் ஒரு மாசமாவே இழுத்திருக்குதுங்க மேடம். சூடும் குறைஞ்சுட்டே வந்திருக்கு. மரம் சாவைச் சொல்லலைங்க. அதுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நாளைக்கு இங்க எத்தனை பேர் மிதிப்பாங்கன்னு மட்டும்தான் சொல்லுது."

"மரத்துக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலைங்களே, தம்பி."

"நாம கேட்டது மழையைத்தானுங்களே."

நியாயமான விளக்கம்தான். அதை அவள் குடியிருப்போர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து நாள் கழித்துப் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குப் பலகை பூஜ்யம் காட்டியது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நான்கிலிருந்து நேராகப் பூஜ்யம். நாள் வர ஒரு வாரம் இருந்தது. அவர்கள் மூன்றாம் நாளே சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிப்பிட்ட நாளில் பன்னிரண்டாம் எண் வீடு காலியாக இருந்தது. மரம் சொன்னது பூஜ்யம், நடந்தது பூஜ்யம் என்று சுடர்விழி அனுப்பினாள்.

பிறகு ஏழாம் எண் வீடு. பிறகு பத்தொன்பதும் இருபதும் ஒரே நாளில். பூஜ்யம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, மதிலுக்கு அடியில் வேர் போகிற வழியிலேயே போனதாக அவளுக்குத் தோன்றியது. யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. லோகநாதனை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கவிதாமணியும் ஒரு நாள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுச் சேலத்துக்குப் பேருந்து ஏறினாள். கார்த்திகை பிறந்தபோது இருபத்தாறு வீடுகள் காலி. ஆட்கள் இல்லாத வீடுகளில் புல்வெட்டும் இயந்திரங்கள் தாமாகவே நின்றுவிட்டன. மிதிக்க ஆளில்லாத புல்லை எதற்கு வெட்டுவது என்று அவற்றுக்கு ஏற்பாடு. கொரியன் புல்லுக்கு நடுவே கோரையும் நாணலும் கிளம்பி இடுப்புயரம் வளர்ந்தன. மரங்கள் முன்பைவிடச் செழிப்பாக இருந்தன என்பதையும் அவள் பதிவில் எழுத வேண்டியிருந்தது.

கார்த்திகை நாலாம் தேதி அவர்கள் வீட்டுப் பலகை மாறியது. பதினாறாம் தேதி மாலை ஐந்தேகாலிலிருந்து: ஒன்று.

பூபதிதான் முதலில் பார்த்தான். போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் இருவரும் ஒருவர் நடப்பதை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குளியலறைக்குப் போகும்போது அவள் அவனுடைய இடது காலைக் கவனித்தாள். அவள் மாடி ஏறும்போது அவன் கீழே நின்று மூச்சு வாங்குகிறாளா என்று காது கொடுத்தான். ஒரு நாள் அவனுடைய சட்டைப்பையில் இதயப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று போட்டிருந்தது. அவளுடைய கைப்பையிலும் அதே மாதிரி ஒரு சீட்டு இருந்தது.

"நீயாத்தான் இருக்கும்னு நெனச்சயா, இல்ல நானா இருக்கும்னா?" என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டான்.

"மோர் ஊத்திக்கங்க."

"சொல்லு சுடரு."

"நானா இருந்தாப் பரவாயில்லைன்னு நெனச்சேன். அப்புறம் உங்களுக்குத் தனியா ரசம்கூட வெக்கத் தெரியாதேன்னு நெனச்சேன். அதுக்கு மேல நெனக்கலை."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கொரு ரோசனை. அதுக்கு வேண்டியது ஒண்ணுதானே? நான் காங்கயத்துக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயர்றேன். பதினாறாந்தேதி இங்க நீ ஒருத்திதான் இருப்பே. அது சொன்னதும் நடந்துரும், நமக்கும் ஒண்ணும் ஆகாது. அடுத்த நாளு வந்தர்றேன்."

அவளுக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது. மரத்தை ஏமாற்றிவிட்டதாக இருவரும் கொஞ்சம் சிரித்துக்கூடக் கொண்டார்கள். பதினாறாம் தேதி மாலை நான்கரைச் சிற்றுந்தில் அவன் போனான். போவதற்கு முன் புல்லை ஒட்ட வெட்டிவிட்டுப் போனான்.

ஐந்தேகால் ஆயிற்று. அவள் புல்தரையில் நின்றாள். மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். தொலைபேசி அடித்தது.

"இருக்கயா?"

"இருக்கறேன். நீங்க?"

"தங்கச்சி பணியாரம் சுட்டுட்டிருக்கா."

மறுநாள் அவன் வரவில்லை. பலகை பதினேழாம் தேதிக்கும் ஒன்றுதான் காட்டியது. பதினெட்டுக்கும் ஒன்று. கண்ணுக்கெட்டிய நாள்வரை ஒன்று.

"இப்ப நான் வந்தா ரெண்டாயிருமே" என்றான் பூபதி. அவன் குரல் மெலிந்திருந்தது. "அது ரெண்டுன்னு சொல்லலையே சுடரு. ரெண்டு பேரு இருந்து, அது ஒண்ணுன்னு சொன்னா, மிச்சம் ஒரு ஆளு எங்க போறது?"

"அப்ப எப்பத்தான் வருவீங்க?"

"ரெண்டுன்னு காட்டட்டும். அன்னிக்கே வர்றேன்."

தொலைபேசியை வைத்த பிறகு அவள் ஒன்பது வருடப் பதிவேட்டைத் திறந்து, போன வருடம் தொடங்கிய ஐந்தாவது வரியை மட்டும் மேலிருந்து கீழே படித்தாள். நடமாட்டம் ஒரு முறைகூடத் தவறவில்லை. மழையில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்திருக்கிறது, காற்றில் இருந்திருக்கிறது. இதில் இல்லை. தவறுவதற்கு யாரும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லோகநாதன் ஒருவர் செத்தார். மற்ற எல்லாரும் மரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக எழுந்து போனார்கள். ஒரு வீடு காலியாவதைப் பார்த்து மரங்கள் அடுத்த வீடும் காலியாகும் என்று கற்றுக்கொண்டன. அடுத்த வீட்டார் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார்கள். இலையுதிர்வதைப் போல மனிதர் உதிர்வதும் ஒரு பருவம் என்றே அவை புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கார்த்திகை முடியும்போது அருவி நகரில் அவள் மட்டும் இருந்தாள். மார்கழி ஆறாம் தேதி முற்பகல் பதினொன்று இருபதுக்கு அவளுடைய ஒன்றும் பூஜ்யமாகும் என்று புங்கமரம் சொன்னது.

பூபதியைக் கூப்பிட்டாள். "நான் எங்கயும் போகப்போறதில்லைங்க."

மறுமுனையில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

ஆறாம் தேதி காலை ஒன்பதரைக்கு அவன் தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். சிற்றுந்து நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்துவிட்டதால் பெரிய சாலையிலிருந்து நடந்தே வந்திருந்தான். இருபது நாள் தாடி. கேட்டைத் திறந்து உள்ளே வந்தவன் முதலில் புல்லைத்தான் பார்த்தான்.

"இப்படி வளர விட்டிருக்கயே."

"பயமா இல்லைங்களா?"

"இருக்குது. அதுக்காக உன்னைய ஒத்தையில விட முடியுமா?" செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "ரெண்டு பேரு உக்காந்திருந்தா எப்படிப் பூஜ்யம்னு சொல்லும், பார்க்கலாம்."

இருவரும் புல்தரை நடுவே, புங்கமரத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சுடர்விழி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று பத்து. காற்று அடியோடு நின்றிருந்தது. முப்பத்தேழு வீடுகளின் புல்லும் மதில்களுக்கு மேல் தலைநீட்டி அசையாமல் இருந்தது. பதினொன்று பத்தொன்பதுக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை, அவள் சரிபார்ப்பாளர்.

பதினொன்று இருபது. பதினொன்று இருபத்தொன்று.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் கத்தியது. பூபதி கண்ணைத் திறந்து, பெருமூச்சு விட்டு, சிரிக்கத் தொடங்கினான். அவளும் சிரித்தாள். எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தாள்.

நடமாட்டம். மரம் சொன்னது: பூஜ்யம். இப்போது இருப்பது: பூஜ்யம்.

அவள் திரும்பப் புல்லுக்கு வந்து காலால் ஓங்கி மிதித்தாள். பூபதி குதித்தான். மரத்தின் அடியில் போய் இருவரும் தண்டில் கை வைத்து, மூச்சு படும்படி நின்றார்கள். எண் மாறவில்லை. மழை மாலை நான்கு ஐம்பத்திரண்டு என்று மேல்வரி காட்டிக்கொண்டிருந்தது. நான்கு ஐம்பத்திரண்டுக்குச் சரியாகப் பெய்தது. மரம் எதையும் கேட்காமல் போய்விடவில்லை. அவர்களைத்தான் கேட்கவில்லை.

மறுநாள் ஆறரைக்கு அவள் பதிவை அனுப்பினாள்: நடமாட்டம், மரம் சொன்னது பூஜ்யம், நடந்தது இரண்டு. அரை நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் பதிவு ஏற்கப்படவில்லை. குறிப்பிட்ட இடத்தில் சரிபார்ப்பாளர் யாரும் இல்லை.'

தாமரைச்செல்வனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அஞ்சாவது வரி எப்பவுமே தப்பினதில்லைன்னு மேல இருக்கறவங்க விதியை மாத்திட்டாங்க மேடம். அதுல மட்டும் இப்ப மரம் சொல்றதுதான் செல்லும்."

"நான்தான் பேசிட்டிருக்கறேனே, தம்பி."

"எனக்குக் கேக்குதுங்க. ஆனா காய்ஞ்ச கிளையை மரம் தன் பக்கத்துலருந்து மூடிக்கும் பாருங்க, அப்படி மூடிட்டுது போல. அது கேக்காததை எங்க கருவி எப்படிங்க கேக்கும்?" திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கிருந்து பேசறீங்கன்னு எனக்குக் காட்டலைங்க மேடம்" என்றான்.

அன்றே குடிநீர் நின்றது. சிற்றுந்து அதற்கடுத்த நாளிலிருந்து வரவில்லை. நகராட்சிக்குப் பூபதி மூன்று முறை பேசினான். ஆளில்லாத பகுதிக்கு எப்படித் தண்ணீர் விடுவது என்று மரியாதையாகவே கேட்டார்கள். நான்காம் நாள் காலை ஆளுக்கொரு குடத்தோடு இருவரும் கிளம்பினார்கள். பெரிய சாலைக்குப் போகும் வழியில் செங்காட்டுக் குடியிருப்பு இருந்தது. அது காலியாகி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது என்று பலகையில் அவள் படித்திருந்தாள். வழி நெடுகப் புல் தார்ச்சாலையின் விளிம்பைத் தின்றிருந்தது.

செங்காட்டின் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் சுடர்விழி நின்றாள். இடுப்புயரப் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று மிதிபட்டுக் கிடந்தது. அதன் முடிவில் கொடி. கொடியில் ஈரச் சேலைகள், இரண்டு வேட்டிகள், ஒரு குழந்தைச் சட்டை. சட்டையின் நுனியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கூடையோடு அவசரமாக வந்தாள். இவர்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"பத்து நாப்பதுக்கு மழைங்க" என்றாள், துணிகளை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டே. "பலகையில போட்டிருக்குது. இன்னும் நாலு நிமிசம்தான் இருக்குது, உள்ள வந்துருங்க. பின்னால கெணறு இருக்குது, குடத்தை நெறச்சுக்கலாம்."

"இங்க குடியிருக்கறீங்களா?" என்று கேட்டான் பூபதி.

"ஆறு வீட்டுல இருக்கறமுங்க. பலகை பூஜ்யம் காட்டி அம்பத்திரெண்டு நாளாச்சு." கடைசிச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். ஊர் விசாரிப்பதைப் போல, வெகு இயல்பாகக் கேட்டாள்.

"நீங்க எத்தனை நாளா இல்லைங்க?"

சுடர்விழி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய பதில் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பதிவேட்டில் எழுதும் பழக்கத்தில் நாட்களை மனதுக்குள் எண்ணினாள்.

"நாலு நாளா" என்றாள்.

சரியாகப் பத்து நாற்பதுக்கு மழை பிடித்தது.